ரேடியேட்டர் தண்ணி குடிக்காது சாமி!

"வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார். வாரத்துக்கு ஒரு தடவை ஊத்திக்குங்க, வேற ஒரு பிரச்சினையும் இல்ல."

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. செகண்ட் ஹேண்ட் வண்டி விற்கிறவர் சொல்வார், பட்டறையில் சொல்வார்கள், எதிர்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு டிரைவர் தாத்தாவும் சொல்வார். மாடு தண்ணி குடிக்கும், செடி தண்ணி குடிக்கும் என்பது போல அவ்வளவு சாதாரணமாக! கேட்கிறவரும் தலையை ஆட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு பானெட்டைத் திறந்து நிற்பார்.

மக்களே, எந்தக் காரும் தண்ணீர் குடிப்பதில்லை. பெட்ரோல் எரிந்து தீரும். இன்ஜின் ஆயில்கூட கொஞ்சம் எரியலாம். ஆனால் கூலன்ட் தீர்ந்து போவதற்காக வைத்த பொருள் இல்லை. அது ஒரு மூடிய வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் திரவம். இன்ஜினில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டு, மறுபடி இன்ஜினுக்குத் திரும்பும். சூட்டில் விரிந்தால் மிச்சம் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். ஆறினால் அதே டப்பாவிலிருந்து ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பல மாதங்களில் டப்பாவில் ஒரு துளி குறைந்தால் விட்டுவிடலாம். வாரம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அதற்குப் பெயர் குடிப்பது இல்லை, கசிவது.

அப்படியானால் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதாதா? தண்ணீர் என்ன விலையா? இந்தக் கேள்வியில்தான் ஆப்பு இருக்கிறது.

ரேடியேட்டர் மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும். பல கார்களில் பார்க்கலாம். அது அலங்காரம் இல்லை, அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். பிரஷர் குக்கர் கதைதான். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 மூடிக்குள் அடைத்துவைத்தால் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 120-ஐயும் தாண்டும். இன்ஜின் சாதாரணமாகவே 90 டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டியைக் காப்பாற்றுவது அந்த மிச்சமிருக்கும் டிகிரிகள்தான்.

அமைப்பில் ஓட்டை விழுந்தால் வெளியே போவது தண்ணீர் மட்டும் இல்லை. அழுத்தமும் போகிறது. அழுத்தம் போனால் பாதுகாப்பு இடைவெளியும் போகிறது. பாட்டில் தண்ணீரால் அளவைத் திரும்பக் கொண்டுவரலாம், அழுத்தத்தைக் கொண்டுவர முடியாது. வாரா வாரம் ஊற்றுகிறவர் ஓட்டை விழுந்த குக்கரில் தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலன்ட் ரொம்பக் குறைந்துவிட்டால் வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் நிற்கும். அப்போது டாஷ்போர்டு ஊசி ஏறாமல் நல்ல பிள்ளை மாதிரி நடுவிலேயே இருக்கலாம். பல சின்னக் கார்களில் ஊசியே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். "மீட்டர் ஏறவே இல்லையே, எப்படி ஹீட் ஆச்சு?" என்று ரோட்டோரம் நின்று புலம்புகிறவர்களின் கதையில் பாதி இதுதான். மீதிக் கதையை ஹெட் கேஸ்கெட்டும், வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டும், பட்டறைக்காரர் நீட்டும் பில்லும் சொல்லும்.

அடுத்த புகழ்பெற்ற வசனம்: "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது? கூலன்ட் எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு."

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் என்பதை ஒரு ஓரமாக வைத்துவிடலாம். ஒப்புக்கொள்வோம், சென்னையிலும் மதுரையிலும் எந்த ரேடியேட்டரும் உறையப் போவதில்லை. ஆனால் உறையாமல் காப்பது கூலன்டின் பல வேலைகளில் ஒன்று மட்டும்தான். கொதிநிலையை உயர்த்துவது ஒரு வேலை. இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாம் ஒரே திரவத்தில் நனையும் இடத்தில் துருவும் அரிப்பும் வராமல் தடுப்பது அதைவிடப் பெரிய வேலை. இதற்காகவே அதில் அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். அவற்றுக்கு ஆயுள் உண்டு. அதனால்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கிறது.

அந்த இடத்தில் போர் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள லேப் தேவையில்லை. வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். குழாய் அடைக்கும், சூடு ஏறும், அரிப்பு தொடங்கும், புதிதாக ஒரு கசிவு பிறக்கும். அதற்கும் மருந்து என்ன? இன்னொரு பாட்டில் தண்ணீர். கசிவுக்குத் தண்ணீர், தண்ணீரால் கசிவு... வட்டிக்கு வட்டி கட்டுகிற கடன்காரர் கதை மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

இதோடு சேர்த்துக் கழற்றி எறியப்படும் இன்னொரு பாவப்பட்ட ஜீவன் தெர்மோஸ்டாட் வால்வு. "நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல சார்" என்று சொல்லியே கழற்றிவிடுகிற பட்டறைகள் உண்டு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டர் பக்கம் திரவத்தை விடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் ஓட வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும் (இது மட்டும் நிஜமாகவே குடிப்பது!), உள் பாகங்கள் சீக்கிரம் தேயும். கசிவைக் கண்டுபிடிக்காமல் சூட்டை மட்டும் குறைக்கப் பார்க்கும் குறுக்கு வழி இது. தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

மஞ்சள் தூள் கோஷ்டியையும் விட்டுவிடக் கூடாது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்பது நெடுஞ்சாலையில் வாழையடி வாழையாக வரும் கைவைத்தியம். கடையில் டப்பாவில் விற்கும் 'லீக் அடைப்பான்'களும் இதன் படித்த தம்பிகள்தான். நடுரோட்டில், ராத்திரி நேரத்தில், குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர இதைச் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் "அதான் நின்னுடுச்சே" என்று விட்டுவிடுவதுதான் தப்பு. எது ஓட்டை, எது குழாய் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அந்தத் தூளுக்குக் கிடையாது. இரண்டையும்தான் அடைக்கும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் இந்தப் பழக்கம் போகவில்லை? இதற்குப் பதில் மெக்கானிக்கல் புத்தகத்தில் இல்லை, காமர்ஸ் புத்தகத்தில் இருக்கிறது.

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று பிரித்துப் பார்க்க முடியாததால் வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே ஒதுங்குவார். கடைசியில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள் ரேடியேட்டரை நிரப்பிவைக்கும் நம்ம ஊர் புரோக்கர் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் அதன்படிதான் பிழைக்கிறார்.

மூன்று வருஷம் கழித்து, 1973-ல், மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். சில சேவைகளில் வேலை முடிந்த பிறகும்கூட அது தேவையான வேலைதானா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. ரிப்பேர் வேலை அதற்கு நல்ல உதாரணம். என்ன கோளாறு என்று சொல்பவரும் அவரே, அதைச் சரி செய்து காசு வாங்குபவரும் அவரே. "ரேடியேட்டர் போச்சு, மாத்தணும்" என்றார். மாற்றினார். கசிவு நின்றது. உண்மையில் கசிந்தது ரேடியேட்டரா, அல்லது அதை மாற்றும்போது கூடவே புதிதாகப் போட்ட கிளாம்ப்பா? கடவுளுக்கும் மெக்கானிக்குக்கும்தான் வெளிச்சம்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். கசிவைச் சரி செய்வது யார் வேலையாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கண்டுபிடிப்பது வண்டிக்காரர் வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு பில்லைப் பார்த்து வயிறு எரிவதில் அர்த்தமில்லை. கண்டுபிடிக்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். ஒரு மார்க்கர் பேனா, ஒரு அட்டைப்பெட்டி, ஒரு டார்ச், நாலு டிஷ்யூ பேப்பர், கொஞ்சம் பொறுமை.

முதல் விதி: எல்லாமே இன்ஜின் ஆறிய பிறகுதான். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது கொதிக்கும் குக்கரின் மூடியைப் பிடுங்குவதற்குச் சமம். முகமும் கையும் வெந்துபோகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பதே உத்தமம்.

காலையில் பிளாஸ்டிக் டப்பாவில் திரவம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுத வேண்டும். கூடவே ரேடியேட்டர் மூடியையும் திறந்து உள்ளே விளிம்புவரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடி கெட்டுப்போனால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டப்பாவை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். இரண்டு வாரம் இதே மாதிரி காலையில் பார்த்தால், குறைகிறதா, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தெரிந்துவிடும். கணக்குப் புத்தகம் இல்லாமல் கடை நடத்தக் கூடாது என்று படிக்கிறவர்கள் வண்டிக்கு மட்டும் ஏன் கணக்கு வைப்பதில்லை?

அடுத்தது அட்டைப்பெட்டி. பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்துவிட்டால், எங்கே சொட்டியது என்று காலையில் அதுவே சொல்லும். நிறமே இல்லாத, வாசனையே இல்லாத தண்ணீர், ஏசி ஓடிய பிறகு மட்டும் முன் சீட்டுக்குக் கீழே சொட்டினால் பயப்பட வேண்டாம், அது ஏசி தண்ணீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு, விரலில் வழவழப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது கூலன்ட். ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றியே பழக்கியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கசிவு தன் அடையாளத்தைக் காட்டுவதற்கும் கூலன்ட் தேவைப்படுகிறது, பாருங்கள்.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்தது வழிந்து வந்து கீழே சொட்டும். ஓடும்போது ஃபேன் காற்று அதைப் பின்னால் விசிறியும் அடிக்கும். அதனால் டார்ச்சோடு கீழிருந்து மேலே ஈரத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி கறையை விட்டிருக்கும். அதன் உச்சியில்தான் குற்றவாளி. சந்தேகமான இடத்தில் டிஷ்யூ பேப்பரை ஒற்றினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரிந்துவிடும்.

வழக்கமான குற்றவாளிகள் சிலர்தான். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் முனைகளில் இருக்கும் கிளாம்ப்கள். அலுமினிய ரேடியேட்டரும் அதன் பிளாஸ்டிக் டாங்கும் சேரும் மடிப்பு. தெர்மோஸ்டாட் கூட்டின் கேஸ்கெட். வாட்டர் பம்ப், அதாவது பட்டறை பாஷையில் 'வாட்டர் பாடி'. அதன் உள் சீல் தேய்ந்தால், அதற்கென்றே விட்டிருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாகச் சொட்டும். பிறகு ரேடியேட்டர் மூடியின் ரப்பர். எல்லாரும் கடைசியாகச் சந்தேகப்படும் ஆள் இவர். முதலில் பிடித்து விசாரிக்க வேண்டியதும் இவரைத்தான். ரப்பர் வெடித்தோ இறுகியோ இருந்தால் அதே எண் போட்ட புது மூடி. அத்தோடு பல வீடுகளில் கேஸ் குளோஸ்.

ஆறியபோது ஒன்றும் தெரியவில்லை என்றால், மூடியை இறுக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டுப் பார்க்கலாம். கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றும். இதைவிட நல்ல வழி, கைப்பம்ப் மாதிரி இருக்கும் பிரஷர் டெஸ்டர். ஆறிய இன்ஜினில் மூடிக்குப் பதில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை அடித்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் போதும். முள் இறங்கினால் கசிவு நிச்சயம். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிவைத்தால் ஒரு தெருவுக்கே போதும்.

வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனால் கோடு மட்டும் இறங்குகிறதா? அப்போது கசிவு உள்ளே. ஹீட்டர் உள்ள வண்டியில் முன் சீட்டுக் கால்விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாசனை வந்து, கண்ணாடியில் புகைபோலப் படிந்தால் ஹீட்டர் கோர். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி, ஆயில் குச்சியில் பால் கலந்த டீ மாதிரி நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். இது வீட்டில் கைவைக்கிற வேலை இல்லை. வண்டியை ஓட்டக்கூட வேண்டாம். எக்ஸாஸ்ட் வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டிலேயே முடிக்கக்கூடியவை எவை? மூடி, கிளாம்ப், ஹோஸ், பிளாஸ்டிக் டப்பா. தளர்ந்த கிளாம்ப்பை இறுக்கலாம், துருப்பிடித்ததை மாற்றலாம். பலசாலித்தனத்தைக் காட்டி முறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும், ஜாக்கிரதை. ஹோஸை அழுத்திப் பார்க்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, இறுகி விரிசல் விட்டிருந்தாலோ புதுசு போட வேண்டியதுதான். பிறகு வண்டியின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை, டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து நிரப்ப வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே காற்று நிற்காமல், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மூட வேண்டும்.

வாட்டர் பம்ப், ரேடியேட்டர் டாங்க், ஹெட் எல்லாம் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. வடித்த கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றவும் கூடாது. பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாயும் பூனையும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

"இதெல்லாம் செய்தால் மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அகெர்லாஃப் சொன்னதை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாத ஊரில் நஷ்டப்படுவது முதலில் நேர்மையான மெக்கானிக்தான். "மூடி மட்டும் மாத்துங்க சார், போதும்" என்று உண்மையைச் சொல்பவருக்கு அந்த மூடிக்கான காசுதான் கிடைக்கும். அதே கோளாறுக்கு ரேடியேட்டரையே மாற்றுபவர் பெரிய பில் போட்டு, கூடவே "கை ராசிக்காரர்" என்று பெயரும் வாங்குவார். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் முதல் ஆளுக்கு மரியாதை. கையில் தேதி போட்ட குறிப்போடு, "கீழ் ஹோஸ் முனையில் கசியுது அண்ணே, பாருங்க" என்று போய் நிற்பவரை நல்ல மெக்கானிக் வரவேற்பார். முகம் சுளிப்பவர் யார் என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

"நேரம் இல்லை" என்பவர்களுக்கு ஒரே பதில்: வாரா வாரம் பாட்டிலோடு நிற்க நேரம் இருக்கிறதே! அந்த நேரத்தில் ஒரு தடவை டார்ச்சோடு நின்றால் போதும். பாட்டில் தண்ணீர் செலவுக் கணக்கில் வராததால் இலவசம் என்று தோன்றுகிறது. உண்மையில் அது பேலன்ஸ் ஷீட்டில் எழுதாமல் மறைத்த கடன். திண்டிவனம் தாண்டி எங்கோ ஒரு மத்தியான வெயிலில், பின் சீட்டில் பாட்டியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கடன்காரர் வந்து நிற்பார். அப்போது தவணை கேட்க மாட்டார், மொத்தமாகக் கேட்பார்.

அடுத்த முறை யாராவது "வண்டி தண்ணி குடிக்கும்" என்று சொன்னால், பாட்டிலைத் தேட வேண்டாம். "எங்க கசியுது?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியை விரியுங்கள்.